இருக்கிறவர் பேர்

பெரியமலைத் தோட்டம், பதுளை, இலங்கை
12.9.1969

மரியாதைக்குரிய சித்தப்பா சின்னச்சாமி அவர்களுக்கு,

உங்கள் அண்ணன் மகள் முத்துப்பேச்சி எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் தலைவலி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறோம். அங்கே சித்தியும் பிள்ளைகளும் சுகமா என்று கேட்க ஆசைதான். ஆனால் சித்தி இருக்கிறாரா, பிள்ளைகள் எத்தனை பேர் என்பதே எனக்குத் தெரியாது. எல்லாரையும் மொத்தமாகக் கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

1927-இல் கருவக்குடியிலிருந்து யாரிடமும் சொல்லாமல் கப்பலேறிய சங்கையாவின் மகள் நான். அப்பாவுக்கு அறுபத்து நாலு வயது. அம்மா தவறி ஒன்பது வருஷம் ஆகிறது. தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தையை விட்டுவிட்டுப் போகும் பிள்ளைக்காம்பராவில் எனக்கு வேலை.

இந்தியா, இலங்கை இரண்டு அரசாங்கமும் பேசித் தோட்டத்து ஆட்களான எங்களைப் பங்கு பிரித்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் சோலைக்கு இந்த நாட்டுப் பிரஜாவுரிமை கிடைத்துவிட்டது. நானும் பிள்ளைகளும் அவரோடு இங்கே. அப்பாவிடம் எந்தத் தாளும் இல்லை, அவர் இந்தியாவுக்குத்தான் மனு எழுதிக்கொடுக்க வேண்டும். வருகிற ஏப்ரல் வரைதான் தவணை. மனுவில் சொந்த ஊர் என்று ஒரு கட்டம், அங்கே உள்ள உறவினர் என்று ஒரு கட்டம். இரண்டாவது கட்டத்தில் யாரை எழுத என்று கேட்டால் அப்பா, "தம்பி ஒருத்தன் இருந்தான்" என்கிறார்.

இருக்கிறீர்களா சித்தப்பா? என் அப்பாவைத் தனியாக அனுப்ப வேண்டியிருக்கிறது. யாரிடம் அனுப்புகிறேன் என்று எனக்குத் தெரிய வேண்டும். பதில் எழுதுங்கள்.

உங்கள் மகள் முறையான
முத்துப்பேச்சி


கருவக்குடி, திருச்சுழி வழி
20.11.1969

சகோதரி முத்துப்பேச்சிக்கு,

கடிதம் வந்து ஆறு வாரத்துக்கு மேல் ஆகிறது. தாமதத்துக்கு மன்னிக்கவும். மழைக்காலம், மல்லி விதைப்பு, ஆள் கிடைக்கவில்லை. இங்கே எல்லாரும் கையும் காலும் நல்லபடியாக இருக்கிறோம்.

நான் சின்னச்சாமியின் மகன். அப்பா இருக்கிறார். அவருக்கு எழுதப் படிக்க வராது, நான்தான் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். முழுதும் கேட்டுவிட்டு மறுபடி படிக்கச் சொன்னார். இரண்டாம் தரம் படித்தபோது பாதியில் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். அம்மா போய் ஐந்து வருஷம் ஆகிறது. எனக்கு ஒரு தங்கை, பேச்சி. அவளை மல்லாங்கிணற்றில் கொடுத்திருக்கிறது. என் வீட்டுக்காரி பேர் ஒச்சம்மாள். எங்களுக்கு இரண்டு பெண்கள்.

பெரியப்பா இருக்கிறார் என்பது எங்களுக்குப் புதுச் செய்தி. அதற்கு மேல் இப்போது எழுத வரவில்லை. உன் அப்பாவுக்கு என் கும்பிடு.

இப்படிக்கு
சி. சங்கையா


பெரியமலைத் தோட்டம்
15.12.1969

அன்புள்ள அண்ணனுக்கு,

எனக்கு அண்ணன் ஒருவர் இருப்பது முப்பத்தைந்து வயதில்தான் தெரிகிறது. இங்கே எல்லாரும் சுகம், பனி மட்டும் எலும்பைத் துளைக்கிறது. அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் விசாரிப்பு.

உங்கள் கடிதத்தை அப்பாவுக்குப் படித்தேன். தம்பி இருக்கிறார் என்றதும் முகம் எப்படி ஆயிற்று என்று நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கடைசியில் கையெழுத்தைப் படித்தேன். கேட்டவர் கடிதத்தை வாங்கி அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, "அவன் எந்த வருஷத்துப் பிள்ளைன்னு கேட்டு எழுது" என்றார். ஏன் என்றேன். "நம்ம வகையறாவுல உசுரோட இருக்கிறவுக பேரைப் பிள்ளைக்கு விடமாட்டாகளே" என்றார். அன்று அவர் சாப்பிடவில்லை.

அண்ணா, என் அப்பா பேர் உங்களுக்கு எப்படி வந்தது? சுற்றி வளைக்காமல் எழுதுங்கள்.

இன்னொன்று. கல்யாணமான மறுமாதம், 1932-இல், தோட்டத்துக் கணக்கப்பிள்ளையை எழுதச்சொல்லி அப்பா ஊருக்கு ஒரு கடிதம் போட்டாராம். பதில் இல்லை. சொல்லாமல் ஓடினவனை ஊர் கைகழுவிவிட்டது என்று அதோடு விட்டுவிட்டாராம். அந்தக் கடிதம் வந்ததா என்று சித்தப்பாவைக் கேட்கச் சொன்னார்.

பதிலுக்குக் காத்திருக்கும்
தங்கை முத்துப்பேச்சி


கருவக்குடி
2.2.1970

அன்புத் தங்கச்சிக்கு,

வீட்டில் எல்லாரும் நலம். சின்னவளுக்கு மணல்வாரி அம்மை கண்டு இறங்கிவிட்டது, இனிப் பயமில்லை. பெரியப்பா உடம்பு எப்படி?

கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். நான் பிறந்தது 1931. எனக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லையாம். அந்த வருஷம் தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் காரியாபட்டிப் பக்கத்துக் கங்காணி ஒருவர் இலங்கையிலிருந்து வந்திருக்கிறார். உங்கள் ஊர்ச் சங்கையா வாந்திபேதியில் போய்விட்டான், நானே மண் போட்டேன் என்று சொல்லியிருக்கிறார். அது வேறு எந்தச் சங்கையாவோ. இங்கே நம்பிவிட்டார்கள். குண்டாற்றங்கரையில் அப்பா மொட்டை போட்டுப் பெரியப்பாவுக்குக் கருமாதி செய்தார். அடுத்த மூன்றாம் மாதம் நான் பிறந்தேன். போனவர் பேரை விட்டால் பிள்ளை தங்கும் என்று எனக்குச் சங்கையா என்று பேர் விட்டார்கள். நான் தங்கிவிட்டேன்.

யாரும் தெரிந்து செய்யவில்லை. இதை எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. பெரியப்பாவிடம் பதமாகச் சொல்லவும்.

மழை இந்த வருஷம் கண்மாய் பாதிதான் பெருகியது. மல்லி பரவாயில்லை. மிளகாய்ச் செடியில் பூச்சி. இன்னும் எழுத நிறைய இருக்கிறது, தபால்காரர் காத்திருக்கிறார்.

உன் அண்ணன்
சங்கையா


பெரியமலைத் தோட்டம்
25.2.1970

அன்புள்ள அண்ணனுக்கு,

பிள்ளை தேறிவிட்டாளே, அதுவே நிம்மதி. இங்கே குறை ஒன்றும் இல்லை.

பதமாகச் சொல்ல எனக்கு வராது, அப்படியே படித்துவிட்டேன். அப்பா முதலில் சிரித்தார். "என் கருமாதிக்கு என்ன சோறு போட்டாகளாம்?" என்று கேட்டார். லய வரிசையில் பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மறுநாள் எழுந்திருக்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, "ஆத்தா என்னைச் செத்தவனா நினைச்சுக்கிட்டே போயிருக்கா" என்றார். நானும் அழுதேன்.

நடந்தது நடந்துவிட்டது. உங்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. இப்போது எனக்கு வேண்டியது ஒரு வார்த்தை. உறவினர் கட்டத்தில் சித்தப்பா பேரையும் உங்கள் பேரையும் எழுதலாமா? எழுதினால் அவர் உங்கள் வீட்டுக்கு வருகிறார் என்று அர்த்தம். ஏப்ரலுக்கு இரண்டே மாதம் இருக்கிறது.

பழைய கடிதம் வந்ததா என்று கேட்டிருந்தேனே, தபால்காரர் அவசரத்தில் அது விட்டுப்போய்விட்டது போலிருக்கிறது. சித்தப்பாவைக் கேட்டு எழுதுங்கள்.

அன்புத் தங்கை
முத்துப்பேச்சி


கருவக்குடி
28.3.1970

அன்புத் தங்கச்சிக்கு,

நலம். அங்கும் அப்படியே இருக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொள்கிறேன்.

இந்தக் கடிதத்தை மூன்று தரம் எழுதிக் கிழித்தேன். ஒச்சம்மாளுக்குப் பயம். ஒரு பேர் இரண்டு பேருக்கு ஆகாது, அதுவும் கருமாதி முடித்துப் பிள்ளைக்கு விட்ட பேர். அந்தப் பேர்க்காரர் உயிரோடு வந்து ஒரே கூரைக்குள் இருந்தால் இரண்டில் ஒன்று போய்விடும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். "எனக்கு ரெண்டும் பொட்டப்பிள்ளைக. இவுகளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் எங்க போவேன்?" என்று அழுகிறாள். அதைத் தட்டிப் பேச என்னால் முடியவில்லை. ஊரிலும் கருமாதி முடிந்தவர் வாசற்படி ஏறக்கூடாது என்கிறார்கள். அப்பா எதற்கும் வாயைத் திறக்கவில்லை.

ஆகையால் இப்போதைக்கு எங்கள் பேரை எழுத வேண்டாம். கொஞ்சம் பொறுக்கவும்.

பழைய கடிதத்தைப் பற்றி அப்பாவிடம் கேட்டேன். ஆட்டுக்கிடையைப் பார்த்துவிட்டு வாரேன் என்று எழுந்து போய்விட்டார்.

சங்கையா


பெரியமலைத் தோட்டம்
9.4.1970

அண்ணனுக்கு,

எல்லாரும் சுகம்.

பொறுக்கச் சொன்னீர்கள். அரசாங்கம் பொறுக்காது. மனுவைக் கொடுத்துவிட்டேன். ஊர்க் கட்டத்தில் கருவக்குடி. உறவினர் கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை. குமாஸ்தா, "உறவு இல்லையா?" என்று கேட்டான். அப்பா முந்திக்கொண்டு, "இல்லய்யா" என்றார்.

உங்கள் பேரை நீங்களே பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

முத்துப்பேச்சி


கருவக்குடி
7.11.1971

அன்புத் தங்கச்சி முத்துப்பேச்சிக்கு,

ஒன்றரை வருஷம் கழித்து எழுதுகிறேன். இதைக் கிழித்துப் போடாமல் படிக்கவும். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும், முக்கியமாகப் பெரியப்பாவும், சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

உன் கடைசிக் கடிதத்தை அப்பாவுக்கு நான் படிக்கவே இல்லை. அவரும் கேட்கவில்லை. போன மாதம் பருத்திக்கு உழுதுகொண்டிருந்தோம். ஏரைப் பிடித்தபடியே, "அண்ணன் கப்பல் ஏறியாச்சா?" என்றார். அவராக அந்தப் பேச்சை எடுத்தது அதுதான் முதல் தரம். தெரியாது என்றேன். "கேட்டு எழுது. வரச்சொல்லு. வராமப் போயிட்டான்னா நான் நல்ல சாவு சாகமாட்டேன்" என்றார். ஏரை விட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

வீட்டில் வந்து ஒச்சம்மாளிடம் சொன்னேன். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் அவளே, "ஒரு பேரு ரெண்டு பேருக்கு இருக்கிறதுதானே வம்பு. வாரவுகளைப் புதுசாப் பிறந்ததா வச்சு வேற பேரு விட்டா என்ன? நானே சேனை வைக்கேன்" என்றாள். சேனை என்பது இங்கே பிறந்த பிள்ளை நாக்கில் முதல் முதலாகச் சீனித் தண்ணீர் தொட்டு வைப்பது. அங்கேயும் உண்டா? ஊர்த் தலைவர் அம்பலம் காசிராஜனிடம் போய்க் கேட்டோம். அவர், "செத்தவுகதான் வீடு ஏறக்கூடாது. பிறந்தவுக ஏறலாம்ல" என்றார். ஊரும் ஒத்துக்கொண்டது.

பெரியப்பா தன் பேரை எனக்கு விட்டுவிட்டு வேறு பேரில் வர வேண்டும். கேட்கவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் வரட்டும். மனுவில் பேர் எழுத விடாதவன் இப்போது கேட்கிறேன் என்று நினைக்க வேண்டாம். நினைத்தாலும் சரிதான்.

உன் அண்ணன்
சங்கையா


பெரியமலைத் தோட்டம்
10.1.1972

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் சுகம். அண்ணிக்கு என் நன்றியைச் சொல்லுங்கள், அவருக்குப் பெரிய மூளை.

உங்கள் கடிதத்தை ஒரு வாரம் பெட்டிக்குள் வைத்திருந்தேன். கோபம்தான். பிறகு படித்துக் காட்டினேன். "அறுவத்தேழு வயசுல எனக்குச் சேனையா" என்று அப்பா சிரித்தார். பேரைக் கொடுக்கச் சம்மதமா என்றேன். "நாப்பது வருஷமா அவன்கிட்டதானே இருக்கு" என்றார். எனக்குச் சம்மதம் இல்லை. என் பேருக்கு முன்னால் நிற்கும் எழுத்து அது. ஆனால் பேர் அவருடையது.

பாஸ்போர்ட் வந்துவிட்டது. மார்ச் 3-ஆம் தேதிக் கப்பல். இங்கிருந்து போகும் ஒரு குடும்பத்தோடு மண்டபம் முகாமுக்கு வருவார். நீங்கள் வந்து கூட்டிக்கொள்ளுங்கள். காலையில் இருமுவார், பயப்பட வேண்டாம். தேத்தண்ணீர் பால் இல்லாமல் வேண்டும். பசித்தால் சொல்லமாட்டார், நீங்களாகப் போட வேண்டும். ராணுவம் போல் நடப்பார், பின்னால் ஓட வேண்டாம், தானாக நிற்பார்.

பழைய கடிதத்தைப் பற்றி இனி நான் கேட்கப்போவதில்லை. கேட்க வேண்டியவர் நேரில் வருகிறார்.

இனி அவரை நான் பார்ப்பேனா என்று தெரியவில்லை. போகாதே அப்பா என்று சொல்லவும் இரண்டு அரசாங்கமும் எனக்கு உரிமை இல்லாமல் செய்துவிட்டார்கள். நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் அண்ணா.

தங்கை
முத்துப்பேச்சி


கருவக்குடி
19.3.1972

அன்புத் தங்கச்சிக்கு,

பெரியப்பா சுகமாக வந்து சேர்ந்தார். சாப்பிடுகிறார், தூங்குகிறார், இருமுகிறார். முதலில் இதைப் படித்து மூச்சு விட்டுக்கொள்.

முகாமில் எனக்கு அடையாளம் தேட வேண்டியிருக்கவில்லை. அப்பா நடையை அப்படியே உரித்து வைத்திருக்கிறது. நான் யார் என்று சொன்னேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "என் பேருக்கு நல்லாத்தான் சாப்பாடு போட்டிருக்காக" என்றார். மானாமதுரையில் வண்டி மாறித் திருச்சுழியில் இறங்கினோம்.

ஊருக்குள் நுழையாமல் கண்மாய்க் கரையிலேயே எல்லாம் நடந்தது. ஊரே திரண்டுவிட்டது. தலைக்குத் தண்ணீர் ஊற்றிப் புது வேட்டி கட்டினோம். பிறந்த பிள்ளையை நெல் புடைக்கும் சுளகில் போடுவது வழக்கம் என்று ஒரு சுளகை வைத்தார்கள். பெரியப்பா அதில் உட்கார்ந்ததும் அது இரண்டாகப் பிளந்தது. பெண்கள் சிரித்துச் சிரித்து ஓய்ந்தார்கள். ஒச்சம்மாள் சேனை வைத்தாள். பெரியப்பா நாக்கைச் சப்பிவிட்டு, "சீனி பத்தலை" என்றார்.

அதுவரை அப்பா ஒரு வேலமரத்தடியில் தள்ளியே நின்றார். பேரைக் காதில் மூன்று தரம் சொல்வது வீட்டுக்கு மூத்தவர் வேலை. அது அப்பாதான். அவர் வந்து குனிந்து பெரியப்பா காதில் சொல்ல ஆரம்பித்தார். சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு பேரைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அம்பலம் பொறுக்கமாட்டாமல், "ஏப்பா சின்னச்சாமி, பேரு விடுறியா, பாரதம் படிக்கிறியா?" என்றார். அப்பா நிமிரவில்லை. தோள் குலுங்கியது. கடைசியில் பெரியப்பாதான் அவர் பிடரியைப் பிடித்துக்கொண்டு, "கேட்டுருச்சு. போதும் எந்திரி" என்றார்.

என்ன சொன்னார் என்று இருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. பெரியப்பா எழுந்து நின்று புதுப் பேரை ஊருக்குச் சொன்னார். அதை உனக்குத் தாமே சொல்லி எழுதவைப்பாராம், நான் முந்திக்கொள்ளக் கூடாதாம். அதனால் எழுதவில்லை.

உன் அண்ணன்
சங்கையா


கருவக்குடி
2.4.1972

என் மகள் முத்துப்பேச்சிக்கு,

உன் அப்பா சொல்ல, சங்கையா எழுதுகிறான். நீயும் மாப்பிள்ளையும் பேரப்பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருங்கள். நான் நன்றாக இருக்கிறேன். இங்கே வெயில் வெயில் மாதிரி அடிக்கிறது. ஒச்சம்மாள் பால் இல்லாத தேத்தண்ணீர் போடப் படித்துக்கொண்டாள். உன் நினைப்பு வரும்போது கண்மாய்க் கரையில் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.

காதில் தம்பி என்ன சொன்னான் என்று உனக்குச் சொல்ல வேண்டும். அவன் பேரே சொல்லவில்லை. "அண்ணே, உன் காயிதம் வந்துச்சு" என்றான். அதையே மூன்று தரம் சொன்னான்.

திருச்சுழிக்குப் போய் யாரிடமோ கொடுத்துப் படித்திருக்கிறான். நான் இருக்கிறேன் என்று தெரிந்துவிட்டது. அப்போது வீட்டில் ஒரு வயதுப் பிள்ளை. முன்னால் இரண்டைப் புதைத்தவன். இருக்கிறவன் பேரைப் பிள்ளைக்கு விட்டுவிட்டோமே, வெளியில் தெரிந்தால் இதுவும் போய்விடுமே என்று பயந்து, கடிதத்தைக் குண்டாற்றில் விட்டுவிட்டு வந்திருக்கிறான். ஆத்தாவிடமும் சொல்லவில்லை. நான் செத்தவனாக இருந்தால்தான் பிள்ளை இருக்கும் என்று நினைத்திருக்கிறான்.

இந்த இடத்தில் எழுதுகிற கை நிற்கிறது. எழுதுலே என்றேன். எழுதுகிறான்.

எனக்குக் கோபம் வந்தது மகளே. வராமல் இருக்குமா? ஆத்தா இன்னும் ஒன்பது வருஷம் இருந்திருக்கிறாள். ஒரு வார்த்தை அவள் காதில் போட்டிருக்கலாம். அவனை அங்கேயே பிடித்துத் தள்ளிவிடலாமா என்று இருந்தது. ஆனால் நிமிர்ந்தால் இந்தப் பயல் எதிரே நிற்கிறான். நாற்பத்தோரு வயது, ஆள் உயரம், தலையில் துண்டு, கண்ணில் தண்ணீர். என்னைச் சாகவைத்து இவனை வளர்த்திருக்கிறான். இவனைத் திருப்பிக் கொடு என்றா கேட்பது?

தம்பி பேர் சொல்லாததால் பேரை நானாகத்தான் வைத்துக்கொண்டேன். ஆத்தா போன மறுவருஷமே தம்பிக்குப் பெண் பிறந்திருக்கிறது. அப்போதும் ஆத்தா பேரை விடவில்லை. ஏன்டா என்று கேட்டேன். விட வாய் வரவில்லை என்றான். முப்பது வருஷமாக யாருக்கும் விடாமல் கிடக்கிறது. சந்தனம்மாள். ஆம்பிளைக்கு அம்மாளை எடுத்துவிட்டால் சரியாகிவிடும். ஊரில் இப்போது எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். முதல் நாலு நாள் என்னைத்தான் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

அதனால் இனிக் கடிதம் போடும்போது மேல்விலாசத்தில் சந்தனம் என்று எழுது. சங்கையா என்று எழுதாதே. அது இந்தப் பிள்ளை பேர். அவன் அதை வைத்துக்கொண்டு நூறு வருஷம் இருக்கட்டும்.

உன் அப்பா
சந்தனம்